பிளஸ் இருபத்தெட்டு

மூலனூர் மார்க்கெட்டில் முருங்கை இறக்கிவிட்டு
இன்ஜினை அணைக்காமலே இறங்கி வந்தான் நாட்ராயன்.
"ஐடில்ல குதிக்குதுங். மஞ்ச லைட்டு அணைய மாட்டீங்குது."
பெட்ரோல் பிக்கப். பதினோரு வருசம்.
தொட்டியில் வாடிய இலை, அறுந்த வாழைநார்.
டேஷ்போர்டில் பாலித்தீன் கவருக்குள்
இரண்டு பழைய ஆக்சிஜன் சென்சார்.

ஈரோட்டில் ஒன்று மாற்றினார்களாம், கரூரில் இன்னொன்று.
பிளக் நான்கு. இன்ஜெக்டர் கழுவிய கூலி தனி.
எல்லாப் பில்லையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான்,
கோர்ட்டுக்குப் போகிறவனைப் போல.

ஸ்கேனரைச் செருகினேன்.
பி சைபர் ஒன்று ஏழு ஒன்று. லீன்.
"மெலிஞ்சிருச்சுங்குது" என்றேன்.
"பெட்ரோல் நெறையத்தானுங் குடிக்குது" என்றான்.
அதுதான் விசயம்.
காற்று கூடிப்போச்சென்று சென்சார் சொல்லச் சொல்ல
கம்ப்யூட்டர் ஊற்றுகிறது, மேலும் ஊற்றுகிறது.
சும்மா நிற்கையில் பிளஸ் இருபத்தெட்டு.
மூவாயிரம் சுற்றுக்கு மிதித்தால் பிளஸ் ஆறு.

பம்ப் சோர்ந்திருந்தால் ஓட ஓடப் பசி கூடும்.
இது நின்றால் பசிக்கிறது, ஓடினால் மறந்துவிடுகிறது.
வாசலில் கையெழுத்துப் போடாமல்
ஏதோ சந்து வழியாகக் காற்று உள்ளே வந்துபோகிறது.

ஆடி மாசம்.
தாராபுரம் ரோட்டுக் காற்றாலைகள் இரைந்துகொண்டிருந்தன.
கணவாயைத் தாண்டி வந்தது
ஷெட்டுத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது.
இந்த ஊரில் காற்றுக் கசிவைத் தேடுவது
ஆற்றுக்குள் நின்றுகொண்டு குழாய் ஒழுகலைத் தேடுவது.
கிளீனரை இந்தப் பக்கம் பீய்ச்சினால் அந்தப் பக்கம் விழுந்தது,
இன்ஜின் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டது.
ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டேன்.
உஸ்ஸென்றது.
வண்டியா, வானமா, தெரியவில்லை.

ஷட்டரை இறக்கினேன்.
பால்பவுடர் டின்னில் சாம்பிராணி, ஒரு சைக்கிள் பம்ப்,
த்ராட்டில் வாயில் அடைத்த பழைய கையுறை.
பூஸ்டர் குழாய் வழியே புகையைத் தள்ளினேன்.
நாட்ராயன் டார்ச் பிடித்தான்.
கேஸ்கெட் ஓரம் ஒன்றுமில்லை. இன்ஜெக்டர் அடியிலும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
மேனிபோல்டுக்குக் கீழே, பிசிவி குழாய் வளையும் முழங்கையில்,
கை போகும், கண் போகாத இடத்தில்
ஒற்றை இழை எழுந்தது, வெள்ளையாக,
அவசரமே இல்லாமல்.

கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன்.
குழாயின் மேல் சைக்கிள் ட்யூப், நாலு சுற்று.
அதன் மேல் பச்சை நைலான். முடிச்சு இடப்பக்கம்.
எனக்குத் தெரிந்த முடிச்சு.
நான் இடது கைக்காரன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி
கன்னிவாடிக்கு இந்தப் பக்கம் லோடோடு நின்றவனுக்கு
செல்போன் வெளிச்சத்தில் கட்டிக்கொடுத்தது.
ரெண்டு நாளைக்குத் தாங்கும், அப்புறம் வாங்க என்றிருந்தேன்.
அவன் வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.
ஐம்பது ரூபாய் நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சாச்சுங்ளா?"
"கொழாய் வெடிச்சிருக்கு" என்றேன்.
உண்மைதான்.
ட்யூப்பை அறுத்து அவன் உள்ளங்கையில் வைத்த பிறகு
"இது நாங் கட்டுனது" என்றேன்.
இதுவும் உண்மை. வெளியே வர நேரமாகிவிட்டது.
அவன் ரப்பரை இழுத்துப் பார்த்தான். பொடியாக உதிர்ந்தது.
"ரெண்டு நாள்னு சொன்னீங்" என்றான்.
"மூணு வருசம் ஓட்டிப்போட்டனுங்."
சிரித்தானா என்று புகையில் தெரியவில்லை.

புதுக் குழாய் நூற்றி எண்பது. கூலி எழுதவில்லை.
ஓடவிட்டுப் பார்த்தோம்.
பிளஸ் பத்து. ஏழு. மூன்று. அங்கேயே நின்றது.
அவன் பாலித்தீன் கவரை எடுத்து வந்தான்.
"அப்ப இதுக ரெண்டும் கெட்டுப்போகலீங்ளா?"
"இல்லீங்க. இருக்கறதத்தான் சொல்லியிருக்கு."
கொஞ்ச நேரம் கையில் வைத்து எடை பார்த்தான்.
ஒன்றை என் மேசையில் விட்டுவிட்டுப் போனான்,
மறந்தா, வேண்டுமென்றா, கேட்கவில்லை.

ஷட்டரைத் தூக்கியதும்
எல்லாப் பக்கமிருந்தும் காற்று.
பில் புத்தகத்தைத் திறந்து
ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தது.